நாற்பதின் மேல் விழுந்த ஒரு வரி

நாற்பது என்ற பெயரை மூத்தவள் முதன்முதலில் கேட்டது தாய்வீட்டுச் சமையலறையில், பாதி உரித்த வெங்காயத்தோடு நின்றிருந்தபோது. மோட்டார் சைக்கிள் பட்டறையிலிருந்து வந்த தம்பி, கையில் இருந்த கிரீஸைக்கூடக் கழுவாமல், கதவில் சாய்ந்துகொண்டு, "அம்மா, கட்டினா நாற்பதைத்தான் கட்டுவேன்" என்றான்.

தாயார் அடுப்பை அணைத்துவிட்டாள். "முப்பது வயசுக்காரனுக்கு நாற்பது வயசுப் பொண்ணா? இதைக் கேக்கவாடா உன்னைப் பெத்தேன்?"

"வயசு இல்லம்மா, வேகம். அவ வண்டி நாற்பதைத் தாண்டாது. அதனால எல்லாரும் அப்படிக் கூப்பிடுறாங்க. வயசு இருபத்தெட்டு."

"அப்போ அதைச் சொல்றதுக்கு என்ன? நெஞ்சு நின்னு போச்சு எனக்கு."

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மனதுக்குள் ஒரு முணுமுணுப்பு இருந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டி ஊர் சுற்றுகிற பெண் இந்த வீட்டில் எப்படி அடங்கி இருப்பாள்? மூத்தவள், கணவன் போன பிறகு தாய்வீட்டுக்கு அடுத்த கதவில் குடிவந்தவள். மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருபது வருடமாக வேலை. இரண்டு வீட்டுக்கும் சாவி அவளிடம்தான், இரண்டு வீட்டுக்கும் வாயும் அவள்தான்.

பெண்ணைப் பற்றி விசாரிக்கச் சலவைப் பிரிவை விடத் தோதான இடம் ஏது? இரண்டே நாளில் எல்லாம் தெரிந்துவிட்டது. சின்னச் சின்ன மருத்துவமனைகளில் எடுக்கும் ரத்தத்தை, பனிக்கட்டி வைத்த பெட்டியில் வாங்கி, பெரிய பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. மற்ற ஓட்டுநர்கள் பறப்பார்கள். அவள் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி நாற்பதிலேயே போவாள். "குழாயில இருக்கிற ரத்தம் குலுங்கினா கெட்டுப்போகும். மறுபடி ஊசி குத்திக்கப் போறது நானா? யாரோ ஒரு நோயாளிதானே" என்பாளாம். ஐந்து வருடத்தில் அவள் கொண்டுவந்த பெட்டியில் ஒரு குழாய்கூடக் கெட்டது என்று திரும்பியதில்லை.

தம்பிக்கு அவள் மேல் மனது போன கதையும் வெளியே வந்தது. அவள் வண்டியைப் பழுது பார்த்துவிட்டு, ஓட்டிப் பார்க்கத் தலைக்கவசம் இல்லாமல் ஏறியிருக்கிறான் இவன். அவள் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். "என் வண்டியில ஏறணும்னா தலையை மூடு. இல்லேன்னா தள்ளிக்கிட்டே போய் ஓட்டிப் பாரு." பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். இவன் அன்று சாயங்காலமே ஒரு தலைக்கவசம் வாங்கினான். ஆறு மாதத்தில் கல்யாணம்.

வந்த புதிதில் மூத்தவளுக்கு அவள் நடவடிக்கை எல்லாம் வேடிக்கையாக இருந்தது. காலையில் வண்டியை ஒருமுறை சுற்றி வருவாள். டயரை அமுக்கிப் பார்ப்பாள், பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பாள், விளக்கைப் போட்டுப் பார்ப்பாள், செயினில் விரல் வைப்பாள். தலைக்கவசத்தின் வாரைத் தாடைக்குக் கீழே பூட்டிய பிறகுதான் சாவி உள்ளே போகும். கைப்பிடியில் ஒரு காய்கறிப் பைகூட மாட்ட விடமாட்டாள்.

"கோயிலைச் சுத்துற மாதிரி சுத்துறியே, இதுக்குள்ள நான் நடந்தே போயிருப்பேன்" என்பாள் மூத்தவள்.

"நடந்து போனாலும் ஓரமா போங்க அண்ணி" என்று பதில் வரும். கோபமும் வராது, அவசரமும் வராது. இப்படிப்பட்டவளோடு சண்டை போட முடியாது என்று மூத்தவள் மூன்றாவது மாதமே கண்டுகொண்டாள். அதற்குப் பிறகு இருவருக்கும் ஒரே தட்டில் சாப்பாடு என்று சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள்.

விபத்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. கிடங்குகள் வரிசையாக இருக்கும் தெரு. மேஜை நாற்காலி வைக்கும் கிடங்கு ஒன்றின் கதவிலிருந்து, பார்க்காமல் கொள்ளாமல், ஒரு வேன் பாய்ந்து வெளியே வந்தது. இடது பக்கமாக நாற்பதை வண்டியோடு சேர்த்துத் தூக்கி அடித்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. தலைக்கவசத்தில் காதுக்கு மேலே விரிசல் விட்டது. அந்த விரிசல் அதில் விழாமல் இருந்திருந்தால் எங்கே விழுந்திருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கீழே கிடந்தவளைத் தூக்க நாலு பேர் ஓடிவந்திருக்கிறார்கள். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாளாம். "என்னை இழுக்காதீங்க. தலைக்கவசத்தைக் கழட்டாதீங்க, ஆம்புலன்ஸ்காரங்க வந்து பாத்துக்குவாங்க. அந்தப் பெட்டியை மட்டும் நிழல்ல வைங்க. பதினோரு பேரோட ரத்தம் இருக்கு." எதிரே கண்ணாடி அறுக்கும் கடைக்காரர்தான் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தவர். பதினோரு குழாயும் அன்றே போய்ச் சேர்ந்தது, ஒன்றும் கெடவில்லை.

அவள் அறுவை சிகிச்சை அறையில் இருந்த நேரத்தில்தான் போலீஸ் நிலையத்தில் வழக்குத் தாள் எழுதப்பட்டது. கேட்டு எழுத அங்கே வேறு யாரும் வரவில்லை. வேன் ஓட்டுநர் சொன்னதை எழுதினார்கள்: "மேற்படி பெண் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து, நின்றிருந்த வேனில் மோதினார்."

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். பரிசோதனைக் கூடத்து அதிகாரி பார்க்க வந்தார். நல்ல மனிதர். நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"உன்னை மாதிரி ஆள் எங்களுக்குக் கிடைக்காதும்மா. ஆனா தப்பு இவங்க மேலன்னு போலீஸ்ல எழுதியிருக்கிற ஆளு கையில பெட்டி குடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. அந்த வரி மாறட்டும், கால் சரியாகட்டும், மறுநாளே வா."

அவர் போனதும் நாற்பது கட்டுப்போட்ட காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "கால் போனா போகட்டும் அண்ணி. நான் வேகமா போனேன்னு எழுதிட்டாங்களே" என்றாள். அவள் கண்ணில் தண்ணீரை மூத்தவள் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

அந்த வாரமே கிடங்கு மேலாளர் ஒரு கூடைப் பழத்தோடு வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, தேன் ஒழுகும் பேச்சு. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் கிடங்கே ஏற்கும், மேலே ஒரு தொகையும் தரும், ஒரே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். தாயார் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டாள். மூத்தவளும், "போட்டுடு தாயி. தலைக்கு வந்தது காலோட போச்சு. இவங்களோட மல்லுக்கு நின்னு நமக்கு என்ன ஆகப்போகுது?" என்றாள்.

நாற்பது தாளை வாங்கினாள். படிப்பதிலும் அவளுக்கு நாற்பதுதான் வேகம். மேலாளர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இதுல நான் வேகமா வந்து மோதினதா இருக்கே சார்?"

"அது ஒண்ணும் இல்லம்மா. தாள்ல வழக்கமா எழுதுறது. சும்மா ஒரு வரி."

"சும்மாதானே? அப்போ அடிச்சிடுங்க."

"அடிக்க முடியாதும்மா, அது..."

"அப்போ சும்மா இல்லை" என்று தாளை நான்காக மடித்து, பழக்கூடையின் மேலேயே வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். மேலாளர் தாளை எடுத்துக்கொண்டு கூடையை விட்டுவிட்டுப் போனார்.

வக்கீல் வேண்டும் என்றானது. மூத்தவள் உறவுக் கணக்கைப் போட்டாள். தாயாரின் ஒன்றுவிட்ட தங்கை, அவள் ஓரகத்தி, அந்த ஓரகத்தியின் தம்பி வக்கீல். உறவு தூரம்தான், ஆனால் அவர் கல்யாணத்துக்கு இவள் பந்தியில் பரிமாறியிருக்கிறாள். அந்த ஒன்றைச் சொல்லியே அழைத்து வந்தாள்.

வக்கீல் உட்கார்ந்ததும் மூன்றே மூன்று கேட்டார். "அடிபட்ட வண்டி, உடைஞ்ச தலைக்கவசம், அன்னைக்குப் போட்டிருந்த சட்டை. இந்த மூணும் எப்படி இருந்ததோ அப்படியே வேணும். எங்கே இருக்கு?"

தம்பிக்கு முகம் மலர்ந்தது. "வாங்க" என்று வாசலுக்கு அழைத்துப் போனான். வண்டி புதுமணப்பெண் மாதிரி நின்றது. போலீஸ்காரர்கள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த மறுநாளே தொடங்கி, நசுங்கியதை நிமிர்த்தி, முறிந்ததை மாற்றி, டேங்குக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவள் கண்ணில் உடைந்த வண்டி படக்கூடாது என்று அவன் எண்ணம். உடைந்த வண்டியை உடைந்தபடி விட்டு வைக்க எந்த மெக்கானிக்குக்குத்தான் கை வரும்?

வக்கீலின் வாய் திறந்தபடி நின்றது. "சரி, சட்டை?"

மூத்தவள் உள்ளே போய் எடுத்து வந்தாள். ரத்தக் கறை எதுவானாலும் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிடுவது அவளுக்கு இருபது வருடப் பழக்கம். சட்டை வெளுத்து, தேய்த்து, கிழிந்த கை தைத்து, மடிப்புக் கலையாமல் இருந்தது. தலைக்கவசத்தையும் தூள் போட்டுத் தேய்த்திருந்தாள். விரிசல் மட்டும் இருந்தது. அதைச் சுற்றி ஒட்டியிருந்த வேனின் பச்சைப் பெயின்ட் ஒரு பொட்டுக்கூட இல்லை. அது போவதற்குத் தான் எவ்வளவு பாடுபட்டாள் என்பதை அவள் பெருமையோடு சொல்லி முடித்தாள்.

வக்கீல் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "எதிராளி காசு குடுத்து ஆள் வச்சிருந்தாக்கூட இவ்வளவு சுத்தமா சாட்சியை அழிச்சிருக்க முடியாது. இந்த வீட்டுல இன்னும் யாராவது எதையாவது துடைச்சிருக்கீங்களா?"

தாயார் மெதுவாக, "அந்த மேலாளர் விட்டுட்டுப் போன பழத்தைக் கழுவினேன்" என்றாள்.

மூத்தவளுக்குப் பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. கட்டிலில் கிடந்தவள் முகத்தைப் பார்க்கவே கூசியது. நாற்பதோ, கட்டுப்போட்ட கால் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஒருத்தர் வண்டியைத் துடைச்சீங்க, ஒருத்தர் சட்டையைத் துடைச்சீங்க. நான் பொழைச்சு வந்ததுக்கு வீடே விளக்கி வச்ச மாதிரி இருக்கு. அழாதீங்க அண்ணி, உங்க கையில கொடுத்தா கறை நிக்குமா?"

வக்கீல் எழுந்து, உள்ளதை வைத்து என்ன செய்யலாம் என்று எண்ணத் தொடங்கினார். போலீஸில் அவள் வாக்குமூலத்தையும் எழுதிச் சேர்க்கச் சொல்லி மனு. ஆஸ்பத்திரியில் முதல் மணி நேரத்தில் எழுதிய காயக் குறிப்பு, எந்தப் பக்கம் அடி என்று அதில் இருக்கும். விபத்து இழப்பீட்டு நீதிமன்றத்தில் வழக்கு. "போலீஸ் எழுதினது முடிஞ்ச முடிவு இல்லை. தப்பு யார் மேலன்னு நீதிமன்றம் தனியா விசாரிச்சுச் சொல்லலாம். ஆனா நின்ன வேன்ல நீ மோதலைன்னு காட்ட ஒரு பொருள் வேணும்."

அப்போது தம்பி பட்டறைக்கு ஓடிப்போய் ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கி வந்து வாசலில் கொட்டினான். வளைந்த கியர் லீவர், நசுங்கிய கால் வைக்கும் கட்டை, உடைந்த இடப்பக்க மூடி. எந்த வண்டியிலிருந்து கழற்றிய பழைய சாமானையும் உரியவரிடம் காட்டாமல் அவன் எறிவதில்லை. மாற்றாமலே மாற்றினேன் என்று ஏமாற்றும் பட்டறை என்ற பேர் வரக்கூடாது என்று, வண்டி எண் எழுதிய சாக்கில் போட்டு வைப்பது வழக்கம். இந்தச் சாக்குக்கு உரியவள் இன்னும் வந்து பார்க்கவில்லை. அதனால் அவன் எறியவில்லை.

எல்லாம் இடப்பக்கத்துச் சாமான். முன்பக்கத்துச் சாமான் ஒன்றுகூட இல்லை. வக்கீல் அந்த வளைந்த லீவரைக் கையில் எடுத்து, குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. அதற்குள் மூத்தவள் தன் விடுமுறை நாளெல்லாம் அந்தக் கிடங்குத் தெருவில் நடந்தாள். கண்ணாடிக் கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்தவர்தான். ஆனால், "கோர்ட்டுன்னா எனக்குப் பயம்மா. அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும், என்னை விட்டுடுங்க" என்றார். ஆறு தடவை போனாள். கடைசித் தடவை அவர் கடைக்குள் ஒளிந்துகொண்டார். கண்ணாடிக் கடையில் எங்கே ஒளிவது? இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவர் வரவேயில்லை.

விசாரணை நாளில் முதலில் தம்பியைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் நெட்டையான ஆள், குரலில் சர்க்கரை.

"நீங்களே கழற்றி, நீங்களே சாக்கில் போட்டு, நீங்களே கொண்டுவந்திருக்கிறீர்கள். வண்டி முன்பக்கமாக மோதி முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளைந்தது. அதை மட்டும் ஒளித்துவிட்டு, புதிதாக ஒன்றை மாட்டிவிட்டீர்கள். சரிதானே?"

தம்பிக்குக் கோபம் காதைச் சிவக்க வைத்தது. "புதுசாங்க? அந்த ஃபோர்க்கு ஒன்பது வருஷப் பழசு. துரு புள்ளி புள்ளியா அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். மாத்து மாத்துன்னு நானே அவகிட்ட கெஞ்சிக்கிட்டிருக்கேன். வண்டி வெளியிலதான் நிக்குது. ஜட்ஜ் அம்மாவே வந்து விரலை வச்சுத் தடவிப் பாருங்க."

நீதிபதி அம்மா உண்மையாகவே எழுந்து வெளியே வந்தார். வெயிலில் குனிந்து அந்தத் துருவைப் பார்த்தார். உள்ளே போய் எழுதிக்கொண்டார்.

அடுத்து நாற்பதின் முறை. தாழ்வாரத்து நாற்காலியில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தவளிடம் மூத்தவள் குனிந்து கிசுகிசுத்தாள். "ஹார்ன் அடிச்சியான்னு கேப்பாங்களாம். வக்கீல் சொன்னாரு, அதுதான் அவங்க பிடிச்சுத் தொங்குற இடமாம். அடிச்சேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

நாற்பது அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, ஊன்றுகோலை ஊன்றி எழுந்தாள்.

நெட்டை வக்கீல் சுற்றி வளைக்காமல் அங்கேயே வந்தார். "கிடங்குக் கதவு திறந்திருந்ததைப் பார்த்தீர்களா?"

"பாதி திறந்திருந்துச்சுங்க. பாத்தேன்."

"ஹார்ன் அடித்தீர்களா?"

மூத்தவள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். சொல்லேன், ஒரு வார்த்தை, சொல்லித் தொலையேன்.

"இல்லைங்க. அடிச்சிருக்கணும். அடிக்கலை."

நெட்டை வக்கீல் கையில் இருந்த தாளைப் புரட்டினார். தங்கள் பக்கத்து வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். மூத்தவளுக்கு எழுந்து போய் அவள் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போல் இருந்தது. ஆனால் முந்தானையை வாயிலிருந்து எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படியானால் வேகமாகவும்தான் வந்தீர்கள்?"

"முப்பத்தஞ்சுங்க. முன்னாடி ஒரு பள்ளம் இருக்கு, அதுக்காகக் குறைச்சிருந்தேன்."

"வேக மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினீர்களா? அவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறீர்கள்?"

"பின்னாடி பதினோரு பேரோட ரத்தம் இருந்துச்சுங்க. அதைத் தூக்கிக்கிட்டு ஆறு வருஷம் போயிருக்கேன். நாற்பதைத் தாண்டினா முள்ளைப் பாக்க வேணாம், முதுகுல தெரியும்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

தீர்ப்பை வக்கீல் தாழ்வாரத்தில் நின்று, பாமரருக்கும் புரியும்படி படித்துச் சொன்னார். தனக்குப் பாதகமானதை மறைக்காமல் சொன்ன சாட்சி, வேகத்தைப் பற்றிச் சொன்னதையும் நம்பலாம். அடி எல்லாம் இடப்பக்கம் என்று ஆஸ்பத்திரிக் குறிப்பு சொல்கிறது, கழற்றிய சாமான்களும் சொல்கின்றன, வண்டியின் முன்பக்கம் பழுதில்லை. ஆகவே வேன் நிற்கவில்லை, வந்து இடித்தது. அதிவேகம் என்ற குற்றச்சாட்டு தள்ளப்படுகிறது. ஹார்ன் அடிக்காத கவனக்குறைவுக்காகப் பத்தில் ஒரு பங்கு பொறுப்பு மட்டும் அவளுடையது. இழப்பீட்டில் அந்தப் பங்கு குறையும்.

"அந்தப் பத்தில் ஒரு பங்குக்கும் மேல்முறையீடு போடலாம்" என்றார் வக்கீல், உற்சாகமாக. "ஜெயிக்க வாய்ப்பு இருக்கு."

"வேணாம் சார். அது நான் அடிக்காத ஹார்ன். என்கிட்டயே இருக்கட்டும்."

வக்கீல் மூத்தவளைத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் பொண்ணை எங்கேருந்து பிடிச்சீங்க?"

"தானா வந்துச்சு" என்றாள் மூத்தவள். "மெதுவாத்தான் வந்துச்சு."

அன்று பேருந்தில் திரும்பும்போது மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். கறையைப் போக்குவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று இருபது வருடமாக நினைத்திருந்தவள் அவள். அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் அது எந்தத் தண்ணீரிலும் போயிருக்காது என்று இப்போது புரிந்தது. பக்கத்தில் இருந்தவள் பக்கம் திரும்பினாள். "ஊன்றுகோலை நடைபாதையில நீட்டாதே, யாராவது தடுக்கி விழப்போறாங்க" என்று மட்டும் சொன்னாள்.

"சரிங்க அண்ணி" என்று அவள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பரிசோதனைக் கூடத்து அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை. தீர்ப்பின் நகலைக் கோப்பில் சேர்த்தார், போலீஸ் தாளுக்கு மேலே. கால் தேற இன்னும் எட்டு மாதம் ஆனது. உள்ளே கம்பி வைத்த கால், மழை நாளில் வலிக்கும். உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்வாள். முதல் நாள் வண்டியை எடுத்தபோது தாயார் வாசலுக்கே வரவில்லை, அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். தம்பி தெருமுனை வரை கூடவே ஓடினான். அந்த வேகத்துக்கு ஓடுவது ஒன்றும் சிரமமாக இல்லை என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

இப்போது அவளுக்கு முப்பத்தேழு வயது. அதே பரிசோதனைக் கூடத்தில் காலை வேலை. ஆறு மருத்துவமனைகளின் பெட்டியை எடுத்துக்கொண்டு பதினொன்றரைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். குடியிருப்பது அதே வீட்டில், மூத்தவளுக்கு அடுத்த கதவில்.